யார் தொட்டால் படிப்பு, யார் தொட்டால் தீட்டு
கால்நடை மருத்துவக் கல்வி: சில வரலாற்றுக் குறிப்புகள்

1

எங்க தாத்தா வெட்டியான் வேலை பார்த்தவர். கும்மிடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்துக்கும் நடுவே ஒரு சேரி எங்களுடையது. ஊரில் மாடு செத்தால் விடியறதுக்கு முன்னாடியே ஆள் வந்துடும். சேரிக்குள் வராமல் தெருமுனையில் நின்றுகொண்டே குரல் கொடுப்பான். 'மாடு வுழுந்துட்சி, வந்து இஸ்துகினு போ' என்பதுதான் சேதி. தாத்தா இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போவார். கயிறு, மூங்கில், கத்தி, இவ்வளவுதான் சாமான். வெறுங்கையால் இழுத்து, வெறுங்கையால் தோலுரித்து, ஏரித் தண்ணியில் கை கழுவிவிட்டு வந்து கஞ்சி குடிப்பார்.

அவருடைய வலது முன்கையில் பழைய ஒரு ரூபாய் அளவுக்குக் குழிந்த தழும்பு ஒன்று இருந்தது. கேட்டால் சிரிப்பார். 'இது ஒண்ணுதான்டா ஆண்டை எனக்கு முழுசா குட்த்த கூலி' என்பார். ஒரு மாட்டை உரித்த மூணாம் நாள் கொப்புளம் வந்ததாம். வலியே இல்லையாம். நடுவில் கரி மாதிரி கறுத்துப்போச்சாம். காய்ச்சலில் கிடந்து பிழைத்தாராம். அந்த வாரம் அவர்கூட வந்தவர்களில் ஒருத்தர் பிழைக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் கால்நடை மருத்துவம் படிக்கப் போனேன். அப்போது எங்கள் பகுதி செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் இருந்தது. திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனது 1997இல். நுண்ணுயிரியல் வகுப்பில் ஒருநாள் அடைப்பான் நோய் பாடம் நடந்தது. மனிதத் தோலில் அது எப்படி வரும் என்று புத்தகத்தில் கலர் படம் போட்டிருந்தது. வலியில்லாத கொப்புளம், நடுவே கறுத்த பொருக்கு. பக்கத்தைத் திருப்ப முடியவில்லை. அது எங்க தாத்தா கை. அது அடைப்பான்தான் என்று நிரூபிக்க என்னிடம் ஆஸ்பத்திரிச் சீட்டு எதுவும் இல்லை. சேரிக்காரன் உடம்பில் எழுதப்பட்ட வரலாற்றுக்கு எந்தக் காலத்தில் சீட்டு இருந்தது?

அதே பாடத்தில் இன்னொரு வரியும் இருந்தது. அடைப்பான் என்று சந்தேகப்பட்டால் பிணத்தை அறுக்கவே கூடாது. காதுநரம்பில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். அறுத்துக் காற்றுப் பட்டால் கிருமி விதை போலக் கெட்டிப்பட்டு மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், பிரிட்டிஷ் அரசு ஸ்காட்லாந்தின் குருய்னார்ட் தீவில் இந்தக் கிருமியைச் சோதித்துப் பார்த்தது. அந்தத் தீவு பாதுகாப்பானது என்று அறிவிக்க 1990 வரை ஆயிற்று. எந்தப் பிணத்தை டாக்டர் தொடவே கூடாது என்று விஞ்ஞானம் சொல்கிறதோ, அந்தப் பிணத்தைத்தான் வெறுங்கையால் தொட்டு உரிக்க வேண்டும் என்று சாதி எங்களுக்கு விதித்திருந்தது. கால்நடை மருத்துவ மாணவர்களின் உடல்நலம், மனநலம் பற்றிப் பேச வேண்டுமானால் இங்கிருந்துதான் தொடங்க முடியும்.

2

மருத்துவக் கல்வியின் வரலாறு எழுதுகிறவர்கள் 1836ஆம் ஆண்டைப் பெருமையாகக் குறிப்பிடுவார்கள். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பண்டிட் மதுசூதன் குப்தா மனிதப் பிணத்தை அறுத்த ஆண்டு அது. அதற்காகக் கோட்டையில் பீரங்கி முழங்கியது என்றுகூடச் சொல்வார்கள். உயர்சாதிக்காரர் ஒருவர் ஒருநாள் பிணத்தைத் தொட்டதற்கு பீரங்கி மரியாதை. தலைமுறை தலைமுறையாகப் பிணத்தை அறுத்து, எந்த உறுப்பு எங்கே இருக்கிறது, எந்த மாட்டின் ஈரல் வீங்கியிருக்கிறது, எது என்ன நோயில் செத்தது என்று கண்ணால் தெரிந்து வைத்திருந்த மக்களுக்குத் தீண்டாமை. அவர்களுடைய அறிவை எவரும் அறிவாகக் கணக்கெடுக்கவில்லை.

கணக்கெடுத்தார்கள், வேறு விதமாக. வெக்கை நோயில் லட்சக்கணக்கில் மாடுகள் செத்துக்கொண்டிருந்தபோது காலனிய அரசு ஒரு கமிஷன் போட்டது. ஹாலன் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர் அதில் முக்கியமானவர். 1871இல் அறிக்கை வந்தது. அதே காலத்தில் வட இந்தியாவில் 'சமார்கள் தோலுக்காக மாட்டுக்கு விஷம் வைக்கிறார்கள்' என்று அதிகாரிகள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். மாட்டை வளர்த்தவன் அப்பாவி, வேலை வாங்கியவன் அப்பாவி, செத்த பிறகு இழுத்துப்போட்டவன் கொலைகாரன். இந்தியக் கால்நடை மருத்துவம் அரசாங்க இலாகாவாக உருவான காலத்தில் தோல் தொழில் சாதிகள் அதற்குள் நுழைந்தது இப்படித்தான், சந்தேக நபர்களாக.

பிறகு கல்லூரிகள் வந்தன. லாகூரில் 1882, பம்பாயில் 1886, கல்கத்தாவில் 1893. சென்னை வேப்பேரியில் டாபின் ஹால் என்ற கட்டடத்தில் 1903 அக்டோபர் 1ஆம் தேதி 20 மாணவர்களோடு கல்லூரி தொடங்கியது. பட்டம் கிடையாது, பட்டயம்தான். 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டப்படிப்பானது. 1976இல் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குப் போனது. 1989 செப்டம்பர் 20இல் கால்நடை மருத்துவத்துக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் மாதவரம் பால்பண்ணையில் அமைந்தது. 2018இல் சென்னையோடு சேர்க்கப்படும்வரை மாதவரம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தது.

வேப்பேரியை ஒட்டியே பெரியமேடு இருக்கிறது. தென்னாட்டின் தோல் வியாபாரம் குவிந்திருந்த இடம். கல்லூரி தொடங்கிய அந்த ஆண்டுகளில்தான் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடும் முறையைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் மாட்டைப் பற்றிய படிப்பு, கூப்பிடு தூரத்தில் மாட்டுத் தோலின் பணம். இரண்டுக்கும் முதல் கை சேரியின் கை. அந்தக் கைக்கு வகுப்பில் நாற்காலி போடப் பல பத்தாண்டுகள் ஆயிற்று.

ஏன் ஆயிற்று என்பதற்கும் ஆவணம் இருக்கிறது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமன்ஹீர் தன் மாவட்டத்துப் பறையர்களைப் பற்றி அறிக்கை எழுதினார். பொன்னேரி, திருவள்ளூர் எல்லாம் அன்று அந்த மாவட்டம்தான். நிலம் இல்லை, குடியிருக்கும் மனையும் சொந்தமில்லை, கடனுக்காக அடிமைப்பட்டுக் கிடக்கிறார்கள் என்று அவர் எழுதியதன் தொடர்ச்சியாகத்தான் 1892இல் பஞ்சமி நிலத்துக்கான ஆணை வந்தது. குடிசை போட்ட மனையே சொந்தமில்லாதவன் பிள்ளை எப்படிக் கல்லூரிக்குப் போவான்? 1927 வகுப்புவாரி ஆணையில் 12 இடத்துக்கு 1 இடம் தாழ்த்தப்பட்டோருக்கு. 1971இல்தான் தமிழ்நாட்டில் பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒதுக்கீடு 18 சதவீதம் ஆனது. 1990இல் பழங்குடியினருக்குத் தனியாக 1 சதவீதமும், 2009இல் 18க்குள்ளேயே அருந்ததியருக்கு 3 சதவீதமும் வந்தன. 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் கால்நடை மருத்துவத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. மாடு இழுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் மாடு படிக்க வந்தது ஒவ்வொரு படியாக, ஒவ்வொரு போராட்டமாக.

3

அம்பேத்கர் 1927இல் மகாடில் சொன்னது நமக்குத் தெரியும். செத்த மாட்டை இழுக்காதே, செத்த மாட்டுக் கறியைத் தின்னாதே என்றார். எங்கள் பக்கத்துச் சேரிகளிலும் அந்த வேலையை விட்டவர்கள் அடி வாங்கினார்கள், கூலி இழந்தார்கள். எங்க நைனா அந்த வேலைக்குப் போகவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு சிப்காட்டில் இரும்பு உருக்குகிற கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் கூலியாகச் சேர்ந்தார். அவர் பிள்ளை நான் போய்ச் செத்த மாட்டை அறுக்கப் படித்தேன். சேதி சொன்ன அன்று நைனா ரெண்டு நாள் பேசவில்லை. 'நான் வுட்டத நீ போய் புடிக்கிறியா' என்று ஆயாவிடம் சொல்லி வருத்தப்பட்டாராம். தாத்தாதான், 'அவன் இஸ்துகினு போறதுக்கா படிக்கிறான்? ஏன் செத்துதுன்னு சொல்றதுக்குப் படிக்கிறான்டா' என்று சமாதானம் சொன்னார். இந்தப் படிப்புக்கு இதைவிடச் சரியான விளக்கத்தை எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆனால் வகுப்பில் நடந்தது வேறு. நான் படித்த கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். பிணப் பரிசோதனைக் கூடத்தில் முதல்நாள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றபோது என்னை முன்னால் தள்ளினார்கள். 'உனக்குப் பழக்கம்தானே' என்றான் ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். கற்றுத்தர நின்றவரும் சிரித்தார். நான் கத்தியை எடுத்து அறுத்தேன். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. நாற்றத்தால் அல்ல.

அந்தக் கூடத்தில் எங்களுக்கு முன்பே ஒருத்தர் வேலை செய்துகொண்டிருப்பார். பிணத்தைத் தள்ளுவண்டியில் கொண்டு வருவது, தூக்கிப் போடுவது, விலா எலும்பை வெட்டித் திறப்பது, கடைசியில் கழுவிவிடுவது எல்லாம் அவர். அட்டென்டர் என்பார்கள். அவர் எந்தத் தெரு என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. பேராசிரியர் குச்சியால் சுட்டிக்காட்டுவார், மாணவன் எழுதிக்கொள்வான், அவர் வெட்டுவார். எங்களில் பலருக்குக் கையுறை இருந்தது. அவருக்குக் கிழிந்த கையுறை. நவீனக் கூடத்துக்குள்ளும் தாத்தா நின்றுகொண்டிருந்தார்.

4

இந்தப் படிப்பில் உடம்புக்கு வரும் ஆபத்துகளை வரிசையாகப் பார்ப்போம். உடற்கூறு வகுப்பில் முதல் ஆண்டு முழுக்க ஃபார்மலின் நெடியில் நிற்க வேண்டும். அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் அறிவித்தது. பெரிய மாட்டின் உதை, கொம்பு, குத்துப்பட்ட ஊசி எல்லாம் தினசரி விஷயம். நஞ்சுக்கொடி விழாத பசுவுக்குக் கையை உள்ளே விட்டு எடுக்கும்போது கன்று வீச்சு நோய் மனிதனுக்குத் தொற்றும். விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டுவலி, ராத்திரி வியர்வை என்று வரும். வெளியே டாக்டர்கள் டைபாய்டு என்றோ காசம் என்றோ மாத்திரை கொடுத்துக்கொண்டிருப்பார்கள். மாட்டுக்குக் கை விட்டேன் என்று நோயாளி வாய் திறந்து சொன்னால்தான் சரியான ரத்தப் பரிசோதனைக்கே வழி பிறக்கும். இந்த நோய்க்கு எதிராகக் கிடேரிக் கன்றுக்குப் போடும் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி. தவறித் தன் கையிலேயே குத்திக்கொண்ட மருத்துவருக்கும் நோய் வரும். பசுவைப் பருவத்துக்குக் கொண்டுவரப் போடும் புராஸ்டாகிளாண்டின் ஊசிமருந்து தோல் வழியாகவே உடம்பில் ஏறும். கர்ப்பிணிக்குக் கருக்கலையும், ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு முட்டும். பெண்கள் பெருமளவில் படிக்கவரும் இந்தக் காலத்தில் இது முதல்நாளே சொல்லப்பட வேண்டிய சேதி.

எல்லாவற்றிலும் கொடியது வெறிநோய். மாட்டுக்கு வெறி பிடித்தால் நாய் மாதிரி கடித்துக்கொண்டு ஓடாது. எச்சில் வடியும், முழுங்க முடியாது, விநோதமாகக் கத்தும். பார்க்கிறவர்களுக்குத் தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டது போலத் தெரியும். மாட்டுக்காரர் பதறுவார். பயிற்சி மாணவன் வாயைத் திறந்து முழங்கை வரை கையை விடுவான். நகக்கண்ணில் ஒரு கீறல் இருந்தால் போதும். நோய்க்குறி தோன்றிவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை. இந்தியாவில் ஆண்டுக்குப் பதினெட்டாயிரத்திலிருந்து இருபதாயிரம் பேர்வரை வெறிநோயில் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நான் படித்த நாளில் ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய தடுப்பூசிதான் ஏழைகளுக்கு. தொப்புளைச் சுற்றி ஊசி, சிலருக்கு நரம்புக் கோளாறு. 2005 வாக்கில்தான் நாட்டில் அது முழுக்க நிறுத்தப்பட்டது. இன்றைக்குக் கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் நல்ல தடுப்பூசி இருக்கிறது. முதல் நாள் ஒன்று, ஏழாம் நாள் ஒன்று போதும் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் இந்தச் சிக்கல் இன்னும் முறுகும். சிப்காட் வந்த பிறகு மேய்க்கால் சுருங்கிவிட்டது. மாடுகள் சாலையோரத்திலும் கம்பெனி மதில் ஓரத்திலும் குப்பையிலும் மேய்கின்றன. இரும்பு உருக்கும் ஆலைகளும் பழைய பேட்டரியிலிருந்து ஈயம் எடுக்கும் ஆலைகளும் உள்ள ஊர் இது. உப்புருசி தேடும் மாடு பேட்டரித் தகட்டை நக்கும் என்பது நச்சியல் பாடத்தில் முதல் உதாரணம். ஈயம் ஏறிய மாட்டுக்குக் கண் தெரியாது, சுவரில் தலையை முட்டும், வட்டமடிக்கும், எச்சில் விடும். இது வெறியா, விஷமா என்று முதல் பார்வையில் சொல்ல முடியாது. அதனால் எல்லா மாட்டையும் வெறி என்று நினைத்தே தொட வேண்டும் என்பது பாடம். அந்த ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. மாட்டுக்கு ஏறியது மாட்டுக்காரி பிள்ளைக்கு ஏறாதா? சேரி ஓரத்தில் ஒரு மாடு வட்டமடித்தால் அது நோயாளி மட்டுமல்ல, சாட்சியும்கூட.

இன்னொன்றையும் நம் தொழிலின் குற்றமாகவே எழுத வேண்டியிருக்கிறது. மாட்டு வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளைக் கொன்றது. 2004இல் அது நிரூபணமானது, 2006இல் மாடுகளுக்குப் போட இந்தியாவில் தடை வந்தது. அதற்குள் பிணந்தின்னிக் கழுகுகள் ஏறத்தாழ முழுக்க அழிந்துவிட்டன. கழுகு போன இடத்தில் நாய் பெருகிற்று. நாய் பெருகினால் கடி படுவது யார்? விடியற்காலையில் தெரு கூட்டப்போகும் பெண், குப்பை பொறுக்கும் பிள்ளை, சூளைக்குப் போகும் இருளர்.

5

இனி மனசைப் பற்றி. கால்நடை மருத்துவர்கள் தற்கொலை செய்துகொள்வது பிரிட்டனில் பொதுமக்களைவிட மூன்று நான்கு மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரையான சாவுகளைக் கணக்கெடுத்து 2019இல் வெளியான ஆய்வில், பெண் மருத்துவர்களுக்கு 3.5 மடங்கு, ஆண்களுக்கு 2.1 மடங்கு என்று வந்தது. ஓயாத வேலை, கடன், தனிமை, காப்பாற்ற முடியாத உயிர்களை முடித்துவைக்கும் பொறுப்பு என்று காரணம் சொல்கிறார்கள். வெள்ளைக்காரர் நாட்டுக் காரணங்கள் அவை. நம் விடுதிகளில் இவற்றோடு சாதியும் சேரும்.

2007இல் தோரட் குழு டெல்லி எய்ம்ஸ் பற்றிக் கொடுத்த அறிக்கையில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் விடுதியில் ஒதுக்கப்படுவதும் வகுப்பில் அவமானப்படுவதும் பதிவாகியிருக்கிறது. ராகிங் இன்னொரு முகம். அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு 1996இல் கொல்லப்பட்ட பிறகு தமிழ்நாட்டில் 1997இல் சட்டம் வந்தது. கேரளத்தில் பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் 2024 பிப்ரவரியில் ஒரு இரண்டாம் ஆண்டு மாணவர் விடுதியில் இறந்து கிடந்தார். முந்தைய நாட்களில் சக மாணவர்கள் அவரை அடித்து வதைத்தார்கள் என்று புகார் எழுந்து வழக்கு சி.பி.ஐ. வரைக்கும் போனது. உயிர்களைக் காக்கப் படிக்கிற இடத்தில் உடன் படிக்கிறவன் உயிர் இவ்வளவு மலிவா என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

எங்கள் பிள்ளைகளுக்கு இது எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். பன்னிரண்டாவதுவரை தமிழில் படித்துவிட்டு வருகிறான். முதல் வாரமே எலும்புக்கெல்லாம் லத்தீன் பெயர். அரியர் விழுந்தால் 'கோட்டா' என்கிறார்கள். பாஸ் செய்தால் 'பரம்பரைத் தொழில்தானே' என்கிறார்கள். வீட்டில் சொல்ல முடியாது. வீட்டில் எல்லோரும் 'டாக்டர்' என்று கூப்பிட ஆரம்பித்திருப்பார்கள். பயிற்சி ஆண்டையும் சேர்த்து ஐந்தரை வருஷம் இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் வாழ வேண்டும். எனக்குக் கடைசிவரை தாக்குப்பிடிக்க உதவியது ஒரே விஷயம். எங்கள் விடுதியில் நாங்கள் நாலு பேர் ஒரு அறையில் ராத்திரி உட்கார்ந்து அன்றைக்கு யார் என்ன சொன்னான் என்று ஒளிக்காமல் பேசிக்கொள்வோம். அதற்கு நாங்கள் அப்போது பெயர் வைக்கவில்லை.

கோரிக்கைகள் பெரிதல்ல. முதலாண்டில் சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் வெறிநோய்த் தடுப்பூசி கல்லூரிச் செலவில் போடப்பட வேண்டும். அதே ஊசி, அதே கையுறை, அதே முகமூடி அட்டென்டருக்கும், ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும். ஊசி குத்தியது, கடி, உதை, தொடர் காய்ச்சல் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். சாதிப் புகாரை விசாரிக்கும் குழுவில் நம் ஆட்கள் இருக்க வேண்டும். கிராமத்தில் மாடு செத்தால் இழுத்துப் புதைப்பது பஞ்சாயத்தின் வேலை. அதற்கு எந்திரமும் சுண்ணாம்பும் ஆழக் குழியும் வேண்டும், எந்தத் தெருவும் அதற்குப் பொறுப்பல்ல. 2016 ஜூலையில் உனாவில் செத்த மாட்டுத் தோலை உரித்த நம் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தபோது, குஜராத் தலித் மக்கள் மாட்டுப் பிணங்களைக் கொண்டுபோய்க் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போட்டார்கள். 'உங்க தாய், நீங்களே அடக்கம் பண்ணுங்க' என்பதுதான் அதன் பொருள். கால்நடை மருத்துவக் கல்லூரிகள் அந்தப் போராட்டத்தைப் பாடமாக வைக்கலாம். பொதுச் சுகாதாரம் என்ற தாளில்.

பட்டம் வாங்கிய வருஷம் ஊருக்கு வந்திருந்தேன். ஊர்த்தெருவில் ஒரு எருமை திடீரென்று செத்துவிட்டது. மூக்கில் உறையாத ரத்தம். வழக்கம்போல் ஆள் வந்து தெருமுனையில் நின்றான். தாத்தாவுக்கு அப்போது எழுந்து நடக்க முடியாது. நான் போனேன். கையுறை போட்டு, காதில் ஒரு சொட்டு ரத்தம் மட்டும் எடுத்துவிட்டு, யாரும் தொடக் கூடாது, அறுக்கக் கூடாது, ஆறடி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள் என்றேன். 'யார் தோண்டறது?' என்று கேட்டார் மாட்டுக்காரர். 'உங்க மாடு' என்றேன்.

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னபோது தாத்தா என் பையிலிருந்த ஒரு கையுறையை எடுத்துப் பார்த்தார். தழும்பு இருந்த கையில் அதை மாட்டிப் பார்க்க முயன்றார். விரல்கள் வளைந்துபோயிருந்ததால் ஏறவில்லை. 'இத்த அன்னிக்கு ஒருத்தன் குட்த்திருந்தா சின்னசாமி செத்திருக்க மாட்டான்டா' என்றார். அந்த வாரம் பிழைக்காமல் போனவர் பெயர் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.